கண்ணைக் கட்டிய துண்டு

பசுவந்தனையில் எங்கள் பசு, மழையில்லாமல் வாடி விஷமேறிய இளஞ்சோளத்தை மேய்ந்துவிட்டு நுரைதள்ளி விழுந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பைக்கை அணைக்கக்கூட இல்லை. ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் காய்ந்த சாணம். தோளில் கிடந்த துண்டால் முதலில் பசுவின் கண்களைக் கட்டினார். பிறகுதான் ஊசியை எடுத்தார்.

"மாடு மிரளாம இருக்கவா டாக்டர்?" என்று கேட்டேன்.

"விழுந்து கெடக்கது எங்க மிரளப் போகுது அண்ணாச்சி? காலைல கயத்தாறுல ஒரு பசு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு செத்துச்சு. இந்தக் கட்டு எனக்காக."

மருந்து ஏறியதும் பசு காதை அசைத்தது. அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"பொழச்சிக்கிடும். வாரேன்" என்று பைக்கில் ஏறினார்.

"துண்டு, டாக்டர்."

"நான் போனப்புறம் அவுத்துக்கிடுங்க."

எனக்குக் கோபமே வந்தது. பிழைத்ததையும் பார்க்கக் கூடாதா?

துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். எங்கள் தொழுவைத் தாண்டும்போதெல்லாம் அவர் பைக் வேகமெடுக்கிறது. சத்தம் கேட்டுப் பசு தலையைத் தூக்கிப் பார்க்கிறது. இதையாவது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகலாம்.