கேட்சரின் வலது கை

1983 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் வீட்டு வாசல் கதவின் கண்ணாடியில் முதலில் தெரிந்தது ஒரு வலது கை. ஐந்து விரல்களும் ஐந்து திசையில் திரும்பியிருந்தன. சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. பிறகுதான் முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டில் மகளோடு இருக்க வந்திருந்த, தொண்ணூறைத் தாண்டிய வெள்ளைக்காரர். தவறிப்போய் அவர்கள் பெட்டியில் விழுந்திருந்த எங்கள் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. அந்தக் கையைக் குலுக்கினேன். அப்பாவும் குலுக்கினார். அம்மா கும்பிட்டாள்.

காபி அப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது, வந்தவருக்குப் பேப்பர் கப்பில். அம்மா வளர்ந்த ஊரில் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தபடியே என்னிடம் தமிழில் சொன்னாள்:

“உள்ள போய் சோப்பு போட்டுக் கையைக் கழுவுடி. ரெண்டு தடவை.”

தமிழில் சொன்னால் வெளியாருக்குத் தெரியாது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அதில் ஒரு ஓட்டை இருந்தது. நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். அவரைத் தொட்டதற்காக நான் எதற்குக் கை கழுவ வேண்டும் என்று உரக்கக் கேட்டேன்.

அவர் கப்பை வைத்துவிட்டு, கையை மேஜைமேல் விரித்தார். என்னையோ அப்பாவையோ பார்க்காமல் அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார். முதல் உலகப் போருக்கு முன்னால் அவர் பேஸ்பாலில் கேட்சர். சுண்டுவிரல் நுனி போனது பதினெட்டு வயதில், ஒரு சிற்றூர் அணியில். மட்டையில் உரசித் திரும்பிய பந்து. மறுநாளும் ஆடினார். மோதிர விரல் இரண்டு முறை உடைந்தது. கட்டுப் போட்டால் அணியில் இடம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெரிய லீக்கில் பதினோரு ஆட்டம். அங்கே முதலில் நடுவிரல், கடைசி ஆட்டத்தில் கட்டைவிரல். அதற்குப் பிறகு பந்தை எறிய முடியவில்லை. ஆள்காட்டி விரல் எப்போது என்று கேட்டேன். அது பிற்பாடு, பட்டு ஆலை மெஷினில் என்றார்.

அவர் போனதும் அப்பா அம்மாவிடம் வெடித்தார்.

“விக்கெட் கீப்பர் மாதிரிடி அவர்! இடது கையில மட்டும்தான் க்ளவுஸ். வலது வெறுங்கை. நீ என்னடான்னா...”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்களாவது முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?”

வாரம் முழுக்க அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. கை கழுவச் சொன்னதற்கு நான்தானே கோபப்பட வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை, அப்பாவின் டம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளரைத் துலக்கி வைத்தாள்.

“போய் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் காபிக்குக் கூப்பிட்டு வா.”

கூப்பிட்டேன். உடனே வந்தார். தன் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் கப்பையும் எடுத்து வந்தார். எங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவருகிறார், அதில் பழைய அணியின் சின்னம் இருக்கும் என்று நினைத்து, வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளைக் கப்.

துலக்கி வைத்த டம்ளர் இருக்க, அம்மா அந்தக் கப்பில்தான் காபியை ஊற்றினாள்.