வரிகள் அழிந்த மதியம்

அண்ணாமலை நகரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு மதியம், கடலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் கடைக்கு வந்தார். என்னிடம் வாங்கிப்போன போலரைசர் ஃபிலிம் சரியில்லை என்றார். டிஸ்பிளேயில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள் அது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும்.

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் சிறு துளை, துளையின் நடுவே மெல்லிய கம்பி. லேசரை அடித்ததும் சுவரில் ஒளி வரிவரியாக விழுந்தது.

"கம்பிக்கு ரெண்டு பக்கமும் போற ஒளி கலக்குறதாலதான் இந்த வரி வருதுண்ணே. எந்தப் பக்கமா போச்சுன்னு அடையாளம் வச்சிட்டா வரி அழிஞ்சிடணும். அதுக்குத்தான் இடது பக்கம் ஒரு ஃபிலிம், வலது பக்கம் குறுக்கத் திருப்பி ஒண்ணு ஒட்டுனேன். வரி போவவே மாட்டேங்குது. நாளைக்கி கிளாஸ்ல காட்டணும்."

கடையில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அடையாளத்த யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க வேணாம். பாத்தா தெரிஞ்சிடும்ங்கிற நெலம இருந்தாலே போதும்."

அது எனக்குப் புரியவில்லை. ஃபிலிம் புரிந்தது. மூன்றாவதாக ஒரு துண்டை எடுத்து, அதன் வழியாக அட்டையைப் பார்த்தபடி மெல்லச் சுழற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருண்டன.

"மேடம், ரெண்டும் ஒரே திசையில நிக்குது. இந்த ஃபிலிம்ல திசை மூலவாட்டத்துல ஓடும். நீங்க குறுக்கத் திருப்புனதோட விடாம, பொரட்டியும் ஒட்டிட்டீங்க. பொரட்டுனதுல அது பழைய திசைக்கே வந்துடிச்சி."

ஷட்டரைப் பாதி இறக்கினேன். வலப்பக்கத் துண்டை இடுக்கியால் உரித்து, பசைப் பக்கத்தை மாற்றி ஒட்டினேன். லேசரை அடித்தார். வரிகள் இல்லை, வெறும் ஒளித் திட்டு மட்டும் சுவரில் நின்றது.

"போயிடிச்சி!" என்று அவர் கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"இப்ப அந்த அடையாளத்த அழிச்சிட்டா, மச்சான்?" என்று அக்கா வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

மூன்றாவது துண்டை அட்டைக்கும் சுவருக்கும் இடையில், இரண்டு திசைகளுக்கும் நடுவாக வரும்படி சாய்த்துப் பிடித்தேன். அதன் வழியாக வரும்போது இரண்டு பக்கத்து ஒளிக்கும் ஒரே திசைதான், அடையாளம் மிஞ்சாது. வரிகள் திரும்ப வந்தன. எடுத்தேன், அழிந்தன. அக்கா வீட்டுக்காரர் ஃபிலிமைப் பிடுங்கித் தானே செய்து பார்த்தார்.

மறுநாள் அந்த ஆசிரியை என்னையும் வகுப்புக்கு வரச்சொல்லிவிட்டார். ஃபிலிமைப் பிடித்தது நான்தான். வரிகள் திரும்பியபோது வகுப்பே ஓவென்று கத்தியது. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. "இன்னொரு தடவ சார்!" அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியரும் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கும் காட்டுங்க" என்று சுவரோரம் நின்றார்.