ஆர்.சி. இல்லாவிட்டால் சாவி இல்லை

செல்லக்கனிக்குச் சாவி வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு வருடம் பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சால்டரிங் செய்து சரியாக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு நாள் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதே வாரத்தில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலின் வார்டனுடைய காரின் ரிமோட் சாவி, துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் சுழன்று செத்துப்போயிருந்தது. செல்லக்கனி அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, விட்டுப்போயிருந்த ஓர் இணைப்பைப் பற்றவைத்தாள். பட்டனை அழுத்தியதும் கீழே நின்ற கார் 'கீக்' என்றது. ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்தாள்.

மிச்சத்தை வீடியோ பார்த்தும், பழைய சாவிகளை உடைத்துப் பார்த்தும் கற்றுக்கொண்டாள். சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி முனிரத்தினம் என்பவருடைய கட்டடத்தில் ஒற்றை ஷட்டர் கடை பிடித்தாள். முதல் வருடம் வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டார்கள்.

"நான் ஆளு இல்லாம என்னவாம்? சாவியக் குடுங்க, இல்லன்னா வழிய விடுங்க அண்ணாச்சி" என்பாள்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் புது வண்டிக்குப் பூஜை போட வருகிறவர்கள் கூட்டத்தில் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பார்கள். ஸ்கூட்டரில் மெஷினைக் கட்டிக்கொண்டு போய், மாலை போட்ட காருக்குள் தலையை விட்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருடத்தில் ஒரகடம் வரை அவள் பெயர் தெரிந்துவிட்டது.

கடையில் ஒரே ஒரு போர்டு. 'ஆர்.சி. இல்லாவிட்டால் சாவி இல்லை.' வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். முடியாவிட்டால் போனிலாவது பேச வேண்டும். வண்டியோடும் ஆர்.சி.யோடும் அவரை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் மெஷினைத் தொடுவாள்.

ஒரு நாள் முற்பகலில் பகலவன் வந்தான். தொழிற்சாலைகளுக்கு ஸ்டாஃப் பஸ் விடுகிறவன். அந்தப் பக்கத்தில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. கையில் நசுங்கிய கார் சாவி ஒன்று. பஸ் சக்கரத்தில் மாட்டி, உள்ளே இருந்த சிப் தூளாகியிருந்தது.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. வண்டி கம்பெனி பார்க்கிங்ல கீது. வா, இப்பவே போலாம்."

"ஆர்.சி. காட்டுங்க அண்ணாச்சி."

போனில் காட்டினான். சுபஸ்ரீ என்று இருந்தது.

"என் சம்சாரம்" என்று சிரித்தான்.

"அவங்கள ஒரு வார்த்தை போன்ல சொல்லச் சொல்லுங்க. ஒடனே வாறேன்."

"அவ டூட்டில கீறா."

"டூட்டி முடியட்டும். நான் எங்கயும் போவல."

பகலவன் சிரிப்பதை நிறுத்தினான். "நான் யாருன்னு தெரியுமா உனக்கு? புருஷன் கேட்டா குடுக்க மாட்டியா?"

"நீங்க யாருன்னு தெரியும். வண்டி யாருதுன்னும் இப்பத் தெரிஞ்சிட்டு. போட முடியாது."

அவன் போன பிறகு மெஷினை ஓடவிட்டு, வேறு யாருக்கோ வெட்ட வேண்டிய சாவியை எடுத்து மாட்டினாள். சாயந்தரம் முனிரத்தினம் வந்து, "அவன் நாலு இடத்துல வேண்டப்பட்டவன். ஒரு சாரி சொல்லிட்டு வந்துரும்மா" என்றார். மாட்டேன் என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வெள்ளை நிறக் காரைக் கடை வாசலில் நிறுத்தினாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அட்டை. ஆர்.சி.யை நீட்டினாள். பெயரைப் படித்ததும் செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் சுபஸ்ரீயா? ஒங்க வீட்டுக்காரரு இங்க வந்தாரு. நான் சாவி போட்டுக் குடுக்கல."

சுபஸ்ரீ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். அவள் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வண்டி அவள் லோன் போட்டு வாங்கியது. பகலவன் கை நீட்ட ஆரம்பித்த பிறகு, நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியேறி ஸ்ரீபெரும்புதூரில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள்.

"வேற எங்கியோ போய் சாவி போட்டுகினு வந்துட்டாருக்கா. ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா வண்டி இருக்காது. ரெண்டு வாட்டி ஆச்சு. கேட்டா, வூட்டுக்கு வா, வண்டி அங்கதான் கீதுன்றாரு."

"ஒங்க கையில இருக்க சாவிய எடுங்க" என்றாள் செல்லக்கனி. "இந்தச் சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு. வண்டிக்கு அந்தச் சிப்ப அடையாளம் தெரிஞ்சாத்தான் இன்ஜின் ஓடும். இப்ப வண்டிக்குத் தெரிஞ்ச எல்லாச் சாவியையும் அழிச்சிருதேன். ஒங்க சாவியையும் புதுசா ஒண்ணையும் மட்டும் ஏத்தித் தாறேன். அவரு சாவிக்குக் கதவு தெறக்கும். வண்டி நகராது."

"அவர் வந்து உங்கள கேட்டா?"

"கேக்கட்டும். அவரு இதுக்கு முன்ன வரலியா என்ன?"

போட்டோ எடுத்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, சாவியைப் பதியும் புரோகிராமர் கருவியின் ஒயரை மாட்டி, அழிக்கவா என்று திரை கேட்டபோது சுபஸ்ரீயின் விரலைப் பிடித்து, "நீங்களே அமுக்குங்க" என்றாள். சுபஸ்ரீ அமுக்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பகலவன் ஸ்ரீபெரும்புதூரில் சுபஸ்ரீயின் வாசலில் நின்ற காரைத் திறந்து உட்கார்ந்து, பத்து நிமிடம் சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறான். சுபஸ்ரீ மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கிருந்து நேராக செல்லக்கனியின் கடைக்கு வந்தான்.

"இன்னாமே பண்ணி வச்சிருக்க என் வண்டிய?"

"ஒங்க வண்டில நான் ஒண்ணும் பண்ணலியே. சுபஸ்ரீ வண்டியிலதான் பண்ணுனேன்."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பகலவன் மேசையிலிருந்த சாவிப் பெட்டியைத் தட்டிவிட்டான். தரையெங்கும் வெட்டாத சாவிகள் சிதறின. செல்லக்கனி குனிந்து பொறுக்கவில்லை. போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

"இன்னொரு பெட்டி அங்கன இருக்கு. அதையும் தட்டுங்க, தெளிவா விழட்டும்."

அவன் தட்டவில்லை. ஆனால் வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று புகார் கொடுத்தான். காவல் நிலையத்துக்கு செல்லக்கனி தனியாகத்தான் கிளம்பினாள். போய்ச் சேர்ந்தபோது சுபஸ்ரீ விடுப்புப் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். எஸ்.ஐ. போட்டோவைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார். கடைசியில் பகலவனைப் பார்த்து, "ஓனர் பூட்டிகினாங்க. இதுல கேஸ் எங்கப்பா இருக்கு?" என்றார். சுபஸ்ரீ எழுந்து, இரண்டு தடவை தன் வண்டியை எடுத்துப்போனதற்கு ஒரு புகாரை எழுதி அவர் மேசையில் வைத்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. முனிரத்தினம் கடையைக் காலி செய்யச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லக்கனி கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. அன்று இரவு ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் போர்டைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினாள்.

இப்போது அவளிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. பின் இருக்கையை எடுத்துவிட்டு அங்கே மெஷினைப் பொருத்தியிருக்கிறாள். வேனை நிறுத்த அவள் தேர்ந்தெடுத்த இடம் ஒரகடம் கூட்டுரோடு. பகலவனின் பஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் திரும்புகிற வளைவு அது.

"ஊர்ல வேற எடமே கெடைக்கலியா?" என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்டாள் பக்கத்துக் கடை ஜோதி.

"ஏன், ரோடு அவரு பேர்லயா இருக்கு?"

பஸ்ஸோடு பஸ்ஸாகச் சில நாள் பகலவனின் காரும் அந்த வளைவில் வேகம் குறையும். கண்ணாடி இறங்கும். செல்லக்கனி வேலையை நிறுத்திவிட்டு, வேனின் கதவில் ஒரு கையை ஊன்றி, அவன் கண்ணை நேராகப் பார்ப்பாள். பின்னால் வருகிற லாரி ஹாரன் அடித்ததும் அவன்தான் முதலில் நகர்வான்.