பேஸ் பேக் காயுற வரைக்கும்

பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவளுக்குப் புருவம் பிடுங்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வாயைப் பிடுங்கவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது வேலைதான் நன்றாக வரும். தென்காசி பஜாரில் என் கடைக்கு வருகிற பிள்ளை எந்த ஊர், யார் வீடு, ஏன் முகம் வாடியிருக்கு என்று தெரியாவிட்டால் எனக்குக் கையே ஓடாது. என்னிடம் வேலை பார்க்கிற ரஹ்மத் என்னைவிட மோசம். இந்தத் தொழிலில் கிடந்து அல்லாடுகிற சகோதரிகளே, நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம்.

என் கடை வாசலில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பக்கத்தில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போர்டு. ஃபேன் ரிப்பேர் பார்க்க வருகிற ஆள்கூட நாங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கூப்பிட்டால்தான் உள்ளே கால் வைப்பார். அந்தச் சீலையால் வந்த வினைகள்தான் கீழே இருப்பவை.

மொத்தமாக வெட்டச் சொன்னவள்

ஆலங்குளம் பஸ்ஸில் இறங்கி நேரே வந்தாள் ஒரு காலேஜ் பிள்ளை. இடுப்பு வரைக்கும் முடி. “காது வரைக்கும் வெட்டிருங்க” என்றாள். குரலே சரியில்லை. ஏன் என்று கேட்டால், “நீங்க வெட்டுங்க” என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதிரி ஆட்களுக்கு ரஹ்மத் ஒரு வழி வைத்திருக்கிறாள். முதலில் தலையை அலசிவிடுவாள். காயட்டும், அப்போதுதான் வெட்டு நேராக விழும் என்பாள். ஈரத்திலேயே வெட்டலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், வந்தவளுக்குத் தெரியாதல்லவா?

அவ்வளவு முடியும் காய வேண்டும் என்றால் சும்மாவா? பாதி ஈரம் இருக்கும்போதே வாய் திறந்தாள். கூடப் படித்த ஒரு பயல், “உன் முடிதான் அழகு” என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டு, போன வாரம் வேறொருத்தியோடு குற்றாலத்துக்கு அருவி பார்க்கப் போயிருக்கிறான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். ரஹ்மத் அந்தப் பயலின் வம்சத்தையே ஒரு பிடி பிடித்தாள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, பசிக்கி. முடிய இன்னொரு நாள் பாத்துக்கலாமா?”

எதிர்க்கடை அண்ணாச்சி பிடித்துவந்தவள்

அந்தப் பிள்ளைக்கு எதிர்த்த டீக்கடையில்தான் தோசை வாங்கிக் கொடுத்தேன். அதோடு டீக்கடை அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. அவருக்குத் தெரிந்தால் பஜாருக்கே தெரிந்த மாதிரி. பூக்காரி இசக்கியம்மாள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி என்று ஆளாளுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்கள். தனியாக, முகம் வாடி, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளை எது வந்தாலும் நம் கடைக்கு அனுப்புவது என்று யாரும் கூடிப் பேசாமலே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் அண்ணாச்சி வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்: “ஏ தாயி, சீக்கிரம் வா, இந்தப் பிள்ள ரொம்ப நேரமா அழுதுகிட்டு நிக்கி!” பாய்ந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினோம். ரஹ்மத் ஹார்லிக்ஸ் கலக்கினாள். நான் தலையைத் தடவி, “எதுனாலும் அக்காட்ட சொல்லும்மா, எவன் என்ன செஞ்சான்?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எங்களை மாறி மாறிப் பார்த்து மிரண்டது. பிறகு மெல்லச் சொன்னது: “கண்ணாஸ்பத்திரில சொட்டு மருந்து விட்டாங்க, அதான் தண்ணியா வடியுது. என்னைய எதுக்கு உள்ள வச்சுப் பூட்டுதீங்க?”

முத்துச்செல்வி

புருவம் எடுக்கும்போது கண்ணீர் வராத பெண் கிடையாது. நூலைக் கீழே வைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை என்றால்தான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். வீரகேரளம்புதூர் பக்கமிருந்து முத்துச்செல்வியை அவள் அம்மாவும் அத்தையும் கூட்டி வந்தார்கள். ஆனி மாசம் கல்யாணம், மாப்பிள்ளை அந்த அத்தையின் மகன்தான். அத்தை பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அம்மாளைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. பெற்றவளுக்கு வாயில் கொழுக்கட்டையா என்று நினைத்தேன்.

தலை அலச வேண்டும் என்று பிள்ளையை மட்டும் பின்னறைக்குக் கூட்டிப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வயசைக் கேட்டேன். பதினேழு. பிளஸ் டூ போக வேண்டியவள், புத்தகத்துக்கு அட்டைகூடப் போட்டுவிட்டாளாம். “பிள்ளைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல சொல்லட்டுமா?” என்றேன். பயந்துவிட்டாள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் அப்பா அவளை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குக் கொண்டுபோய் ஏதாவது கோயிலில் தாலி கட்ட வைத்துவிடுவாராம். வந்தால் அவள் வீட்டார் கையில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அதிகாரிகள் வர வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மறுபடி ஃபேஷியலுக்கு இங்கேதான் வருவார்கள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு மட்டும் என்னைய திருப்பி அனுப்பிராதீங்கக்கா.”

நான்கு முகம்

அன்றைக்குச் சாயங்காலமே குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறித்த நாளில் கடைக்கே வருவதாகச் சொன்னார். ஆனால் சீசன் இருக்கிறதே, சீசன்! சாரல் விழுந்து, ஊருலகமே குற்றாலத்துக்குப் புறப்பட்டு வந்திருந்தது. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போன மேடத்தின் ஜீப் வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. “வந்துகிட்டே இருக்கேன், பிள்ளைய வெளிய விட்டுராதீங்க” என்று போன். இங்கே முத்துச்செல்விக்குப் புருவம் முடிந்தது, மருதாணி முடிந்தது, செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வெளியே டீக்கடையில் அவள் அப்பா காரோடு நிற்கிறார்.

ரஹ்மத் பேஸ் பேக்கைக் குழைத்து அவள் முகத்தில் அப்பினாள். கண்ணில் வெள்ளரிக்காய் வைத்து, தலையில் துண்டைச் சுற்றி, உடம்பெல்லாம் துணியைப் போர்த்தினாள். ஃபேனை அணைத்தாள். சாரல் காலத்தில் ஃபேன் இல்லாமல் அது எங்கே காய? நான் கொடுத்த சாடையில் இசக்கியம்மாளும் ஜெராக்ஸ் கடைக்காரியும் டீக்கடை அண்ணாச்சியின் சம்சாரமும் பின்வாசல் வழியாக வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அதே பூச்சு, அதே துண்டு. இசக்கியம்மாள் பிறந்ததிலிருந்து முகத்தில் மஞ்சளைத் தவிர எதுவும் பூசாதவள்.

முன்னறையில் இருந்த அத்தைக்கு ஊரிலிருந்து போன் வந்தது. வீட்டில் அதிகாரிகள் வந்து நிற்கிறார்களாம். பிள்ளை எங்களிடம் இருக்கிற தைரியத்தில் மேடம் அங்கேயும் ஆள் அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான், “ஏட்டி முத்து, எந்திரி!” என்று உள்ளே பாய்ந்தாள். உள்ளே நான்கு மண் முகம். பேசினால் பூச்சு வெடித்து முகத்தில் கோடு விழும் என்று ரஹ்மத் முன்பே எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அத்தை குனிந்து குனிந்து பார்க்கிறாள், அடையாளம் தெரியவில்லை. “உன் மகள் எவட்டி?” என்று பின்னாலேயே வந்த அம்மாவிடம் கத்தினாள். பெற்றவளுக்கு அடையாளம் சொல்ல முகமா வேண்டும்?

அந்த அம்மாள் வரிசையின் முன்னால் நடந்தாள். மூன்றாவது நாற்காலிப் பக்கம் நின்றாள். போர்வைக்கு வெளியே தெரிந்த கால் விரல்களைப் பார்த்தாள். விலகியிருந்த துணியை இழுத்து அந்தக் காலை மூடினாள். பிறகு பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “எனக்கும் அதப் பூசி விடு தாயி. மதினி என்னமோ கேக்காவ, பூசிட்டா பேசக்கூடாதுல்லா?”

மாதம் ஒரு ஃபேஷியல்

அவளுக்குப் பூசின பேக் காய்வதற்கு முன்னால் மேடம் வந்துவிட்டார். கல்யாணம் நின்றது. முத்துச்செல்வி இப்போது தென்காசியில் ஒரு ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். மகளைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று அப்பா வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் ஃபேஷியல் செய்ய வருகிறாள். வார்டனிடம் சொல்லி நான் பிள்ளையைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்துவிடுவேன். பின்னறையில் ஒரே பேச்சுத்தான். கொழுக்கட்டை என்று நினைத்தேனே, அந்த வாயை இப்போது மூட வைப்பதுதான் கஷ்டம். “திடீர்னு என்ன ஃபேஷியல்னு வீட்ல சந்தேகப்படலையா?” என்று கேட்டேன். “சந்தேகந்தான். கூடவே வந்து வாசல்ல நிக்காரு. நின்னு என்ன செய்ய, போர்டு போட்டிருக்கீயளே!”

என் கிரீமால் இத்தனை வருஷத்தில் எவள் முகமும் வெளுத்ததில்லை என்பதை உங்களிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் வந்ததைவிடப் பளிச்சென்றுதான் வெளியே போகிறாள்.