இன்சீன் பட்டறையும் இரண்டு நீல டிரம்களும்

ஒரு சனிக்கிழமை மகளைப் பிரிந்திருக்கவே இவ்வளவு பயந்தவள், வாரத்தில் ஐந்து நாள் பிரிந்திருப்பேனா? இன்சீன் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

பர்மாவின் யாங்கோன் நகரில், தின்கன்ஜூன் பக்கம் எங்கள் வீடு. கட்டடப் பொறியியல் படித்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மீரா வயிற்றில் இருந்தபோது விட்டேன். அவளுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. என்னைப் போல் பாதியில் நின்றுவிட்ட பெண் பொறியாளர்களுக்கு நகரின் வடக்கே இன்சீனில் ஒரு நாள் பட்டறை நடக்கிறது என்று தோழி சொன்னாள். நான் இன்னும் பொறியாளர்தானா என்று தெரிந்துகொள்ளப் பெயர் கொடுத்தேன்.

காலை 6.40. மீரா தூங்கும்போதே கிளம்பினேன். கஞ்சி, மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கணவர் செல்வத்திடம் கொடுத்தேன்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீயே திரும்பி வந்துருவ," என்றார்.

தாம்வே ரயில் நிலையம் வரை டாக்ஸி, ஆறாயிரம் கியாட். ஓட்டுநர் காசிம் பாய் தமிழர்.

"காலங்காத்தாலே எங்க தங்கச்சி?"

"இன்சீனுக்கு பாய். பொம்பளை என்ஜினியருங்களுக்கு ஒரு கிளாஸ்."

"என்ஜினியரா! அப்ப இந்த ரோட்டுக் குழிக்கு ஒரு வழி சொல்லு. என் முதுகு உனக்கு துவா செய்யும்."

7.25-க்கு வரவேண்டிய வட்ட ரயில் 7.55-க்கு வந்தது. அது நகரத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகிறது. வடக்கே போகப் போகக் கட்டடங்கள் குறைந்து, தண்ணீர் நிற்கும் கீரைப் பாத்திகள் வருகின்றன. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று முறை வீட்டுக்குப் போன் செய்தேன். எதிரே கீரைக் கட்டுகளோடு இருந்த அம்மாள் பர்மியத்தில் கேட்டார்: "எத்தனை பிள்ளைங்க?"

"ஒன்று."

"ஒண்ணுக்கு மூணு போனா? எனக்கு நாலு. நான் உன்னை மாதிரி இருந்தா கீரை வாடிப் போயிரும்."

9.30. இன்சீன். தேநீர்க் கடைக்கு மேலே ஒரு நீள அறை. படியடியில் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள், என்னுடையது பதின்மூன்றாவது. பயிற்சி தருபவர் டோ தீ தீ. 'டோ' என்பது இங்கே மூத்த பெண்களுக்கான மரியாதை. முப்பது ஆண்டுகளாகக் கட்டுமான இடங்களில் நிற்பவர். பக்கத்தில் உட்கார்ந்த நிலார் தன்னை இப்படி அறிமுகம் செய்துகொண்டாள்: "நான் லிஃப்ட் என்ஜினியர். கரண்ட் இல்லாத ஊர்ல லிஃப்ட். எல்லாரும் என்னைப் பார்த்துட்டுத்தான் படியேறுவாங்க."

காலையில் குழுவாகப் பேசினோம். பிற்பகலில் டோ தீ தீ ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, "இதுல குறை கண்டுபிடிங்க," என்றார். தூண், உத்தரம் எல்லாம் சரியாக இருந்தன. என் கண் பின்பக்க பால்கனியில் நின்றது. சுவரை விட்டு மூன்றடி வெளியே நீளும் பால்கனி. ஆட்கள் வந்து நின்று போகும் பாரத்துக்குத்தான் கணக்கு. ஆனால் இப்போது எங்கள் ஊரில் மின்சாரம் வரும் சில மணி நேரத்தில்தான் தண்ணீர் மோட்டார் ஓடும். வீட்டுக்கு வீடு பின் பால்கனியில் தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம் நிற்கிறது. ஒன்றில் இருநூறு லிட்டர், அதாவது இருநூறு கிலோ. ஆள் நகர்ந்துவிடுவார், டிரம் வருடம் முழுக்க விளிம்பிலேயே நிற்கும்.

எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் வரைபடம் டோ தீ தீயுடையது. பெரியவரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற தயக்கத்தை இங்கே 'அனாடே' என்பார்கள். தமிழ் வீட்டில் பிறந்தாலும் அது எனக்கும் உண்டு. துண்டுச் சீட்டில் எழுதி நிலாரிடம் தள்ளினேன். அவள் உரக்கப் படித்தாள்.

"நீ எழுதினதா?" என்றார் டோ தீ தீ.

"என் கையெழுத்து இவ்வளவு அழகா இருந்தா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்," என்று சொல்லி, நிலார் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

கால்குலேட்டரை எடுத்தேன். மீரா தடவிய வாழைப்பழம் காய்ந்து, ஏழாம் எண் அழுந்தவில்லை. வெள்ளைப் பலகையில் கையாலேயே கணக்குப் போட்டேன். வீட்டுக்கு இரண்டு டிரம் என்றால், விளிம்பில் நிற்கும் பாரத்துக்கு அவர் கொடுத்திருந்த கம்பி போதவில்லை. இரண்டாவது முறையும் போட்டேன், வழக்கமான சந்தேகத்தில். அதே விடை.

"அதுல என் கையெழுத்து இருக்கு," என்றார் டோ தீ தீ. "உதாரணத்துக்குக் கொண்டுவந்த படம்னு நினைச்சீங்களா? ஊருக்கு வெளியே மாவ்பியில இதுக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. நல்லவேளை, பால்கனிக்கு இன்னும் வரலை. என் வீட்ல தண்ணி பிடிக்கிறது வேலைக்காரப் பொண்ணு. எனக்குத் தோணவேயில்லை." பிறகு என்னைப் பார்த்தார். "மழை விட்டதும் மாடி வேலை தொடங்கும். வாரம் அஞ்சு நாள். வர்றியா?"

பன்னிரண்டு பெண்களும் கை தட்டினார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் பிடித்தது தவிர ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்திருந்தவள், நிமிர்ந்து நின்றேன். அந்தப் பெருமையை மறைக்கப்போவதில்லை.

மாலை 6.10. வீடு. மீரா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்பா மடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா தெரியவில்லை. எங்கள் பால்கனி விளிம்பில் நின்ற இரண்டு டிரம்களையும் செல்வமும் நானும் அன்றே பாதி காலிசெய்து சமையலறைக்குள் இழுத்து வைத்தோம். இப்போது நடக்கத்தான் இடமில்லை.

மாவ்பி போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மழை விடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். செல்வம் போகச் சொல்கிறார். சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுத் தூரத்து வேலைக்குப் போன சகோதரிகளே, முதல் மாதத்தை எப்படிக் கடந்தீர்கள்? சரியாகத்தான் செய்கிறோம் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? தயவுசெய்து எழுதுங்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் எத்தனை முறை போட்டாலும் எனக்கு ஒரே விடை வரவில்லை.