கைக்குத் தட்டுப்பட்ட நானோ

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி வெயிலில் நடந்தது இது. பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊர்ப் பக்கம் மரப்பசை தயாரிக்கும் சின்ன கம்பெனியில் நான்தான் கெமிஸ்ட். தேங்காய் நாரைக் கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளாக உடைத்து, அந்தக் கூழைப் பசையில் சேர்த்துப் பார்த்தோம். பிடிப்பு நன்றாகவே கூடியது. இழுத்தால் மரம் பிய்ந்தது, ஒட்டு விடவில்லை.

ஆனால் கூழில் பெரும்பகுதி தண்ணீர். வைத்தால் கெட்டும் போகும். பாலக்காட்டு வெயில் சும்மாதானே அடிக்கிறது என்று, கூழைத் தட்டில் காயவைத்துப் பொடித்து, மறுபடி தண்ணீரில் கரைத்துக் கலக்கச் சொன்னேன். அதே சரக்குதானே என்ற மிதப்பில் சோதனையும் செய்யவில்லை.

பசை கலக்கும் பெண்மணி விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "சார், நேத்து வரைக்கும் வெண்ணெயாட்டம் இருந்துச்சுங்க. இன்னைக்கு நெருநெருங்குது."

"நானோ கண்ணுக்கே தெரியாதும்மா. உங்க கைக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கலக்கப் போய்விட்டார். அந்தப் பசை, அங்கன்வாடிக்குக் குட்டி நாற்காலிகள் செய்யும் ஆசாரிக்குப் போனது.

மூன்றாம் நாள், ரெக்கார்டு எழுத வேண்டுமே என்று அதே பசையில் ஒட்டிய மரத்துண்டுகளை இழுத்துப் பார்த்தேன். சாதாரணப் பசை அளவுக்குக்கூடத் தாங்கவில்லை. ஒட்டு முழுக்க வெள்ளைக் கட்டிகள். காயும்போது இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தண்ணீரிலும் பிரியவில்லை. கைக்குத் தட்டுப்படுகிறது என்றாலே அது நானோ இல்லை. இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

அடுத்த பஸ்ஸில் ஆசாரியிடம் ஓடினேன். நாற்காலிகள் பெயின்ட் காய்ந்து வரிசையாக நின்றன. மறுநாள் வண்டி வர இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார். கால் கழன்று விழுந்தது.

"கொழந்தைங்க உக்கார்றதுக்கு முன்னால வந்தீங்களே, அது போதுமுங்க" என்றவர், மற்றதையும் பிரிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து பழைய பசையைச் சுரண்டினேன்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப என்ற கைக்குத் தெரிஞ்சது நெசந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார். அவமானமாக இருந்தது. மூன்று நாளாகத் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

எந்தக் குழந்தையும் விழாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். ஆனால் தெரிந்ததைச் சொன்ன ஒருவரை, தனக்குத் தெரியவில்லையோ என்று நினைக்க வைத்தேனே, அது இன்றும் உறுத்துகிறது.