கடைசிக்கு ஒதுக்கிய சவரம்

எங்கள் வார்டில் அவளுக்கு 'இதோ' என்று பெயர். யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவாள். ஓடுவது சரி, போய்ச் சேர வேண்டுமே! மாத்திரையோடு கிளம்பினால் நடுவில் ஒருவர் தண்ணீர் கேட்பார். தண்ணீருக்குப் போனால் கால் ஒடிந்த டிரைவர் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வார். குறைத்துவிட்டுத் திரும்பினால் மாத்திரைத் தட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பாள். நானும் அவளும் ஒன்றாகப் படித்து ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்கு வாய் நீளம், அவளுக்கு இரக்கம் நீளம். வாயையாவது அடக்கலாம். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து, குழாயில் ரத்தம் திரும்பி நின்றது. இதோ அப்போது டிரைவருக்குத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டவங்க பின்னாடியெல்லாம் ஓடினா, கூப்பிட முடியாம கிடக்கிறவங்களை யாரு பாக்குறது? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா, வேலை நிரந்தரம்னு கனவு காணாதே."

அந்தம்மா சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். இதோவின் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அன்று சாப்பாட்டு அறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "நான் மட்டும் ஏன்டி இப்படி இருக்கேன்?"

"எல்லாருக்கும் நல்லவளா இருக்கணும்னு பாக்குறே, அதான்" என்றேன். மனசு கேட்காமல் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து ஆளே மாறிவிட்டாள். வந்ததும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். மூச்சுத் திணறுகிறவர், புதிதாக அறுவை ஆனவர் முதலில். மருந்து நேரத்துக்கு. ஒரு கட்டிலுக்குப் போகும்போதே அங்கே வேண்டியதையெல்லாம் கையோடு எடுத்துப் போவாள். காத்திருக்கக்கூடியது கடைசியில். டிரைவர் கத்தினால், "மருந்து குடுத்துட்டு வரேண்ணே, அதுவரைக்கும் காத்து நல்லதுதான்" என்பாள். அட, நம்ம இதோவா இது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அந்தக் கடைசியில் போய் உட்கார்ந்தவர் ஜன்னலோரக் கட்டில் சலூன்காரர்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கைப் பக்கத்திலேயே மணி இருந்தும் அவர் அடித்து நாங்கள் கேட்டதில்லை. மனைவி இல்லை, மகனோடு பல வருஷமாகப் பேச்சில்லை. மகன் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னபோது, "இந்தக் கையில கத்தி நிக்கிற வரைக்கும் உன் சோறு எனக்கு வேண்டாம்டா" என்று வார்த்தையை விட்டவர். அப்பா விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அந்த மகன் மறுநாள் நாலு மணிப் பார்வை நேரத்துக்கு வருகிறான் என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சலூன்காரர் இதோவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவன் வர்றதுக்குள்ள இந்த மூஞ்சியை மட்டும் வழிச்சு விட்டுடும்மா. ஊருக்கே வழிச்சு விட்டவன், அவன் முன்னாடி இந்தக் கோலத்திலயா கிடக்கிறது?"

சவரம் செய்கிற வார்டு உதவியாளர் விடுப்பில் இருந்தார். "நாளைக்குக் கண்டிப்பா செஞ்சு விடறேன்யா" என்றாள் இதோ. அந்த நாளையும் வந்தது. "உங்க பையன் நாலு மணிக்குத்தானே வர்றார்? மத்த வேலையை முடிச்சிட்டு, மதியம் நிதானமா செஞ்சு விடறேன்" என்றாள். அவரும் சிரித்துத் தலையாட்டினார்.

அன்று அவளுக்கு எல்லாம் கச்சிதமாக அமைந்தது. ஒரு மருந்து தள்ளிப்போகவில்லை, ஒரு பாட்டில் தீர்ந்து நிற்கவில்லை. தலைமை நர்ஸ் வாயிலிருந்தே, "இப்பத்தான் நர்ஸ் மாதிரி இருக்கே. உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்துடறேன்" என்று வந்துவிட்டது. இதோ முகமெல்லாம் பல்லாக, வெந்நீர், சோப்பு, ரேசர், துண்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். நானும் பின்னால் போனேன்.

மேஜையில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. சலூன்காரர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பையன் வந்துட்டுப் போயிட்டாரும்மா" என்றார் பக்கத்துக் கட்டில் டிரைவர். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "சீக்கிரம் வண்டி கிடைச்சுதாம், வாட்ச்மேன்கிட்ட கெஞ்சி உள்ள வந்திருக்கார். அப்பா அப்பான்னு கூப்பிட்டுப் பாத்தார். இவரு முழிச்சுக்கிட்டுதான் இருந்தார், போர்வையை எடுக்கவே இல்லை. 'இன்னும் கோவம் தீரலை போல'ன்னு சொல்லிட்டு அந்தப் பையன் கண்ணைத் துடைச்சிக்கிட்டே போயிட்டார்."

இதோ தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை ஓடினாள். பேருந்து நிறுத்தம்வரை போய்ப் பார்த்தாள். முகம் தெரியாத மகனை எந்தக் கூட்டத்தில் தேடுவது? மூச்சிரைக்கத் திரும்பி வந்து கட்டிலருகே மண்டியிட்டாள். சேதி சொன்ன வாடிக்கையாளரின் வீடு எங்கே என்றோ, மகனின் போன் எண் என்னவென்றோ பெரியவருக்குத் தெரியவில்லை.

"மணியை ஒரு தடவை அடிச்சிருக்கலாமேய்யா! ஓடி வந்திருப்பேனே!"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஓடி வருவேன்னு தெரியும்மா. அதான் அடிக்கல. அந்தப் பக்கம் ஊசி போட்டுக்கிட்டிருந்தே. மறுபடியும் அந்தம்மா உன்னைத் திட்டினா?"

அவள் ஆறிப்போன வெந்நீரைத் தட்டோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வேலை நேரம் முடிந்தும் இதோ கிளம்பவில்லை, நானும் நின்றுவிட்டேன். புதிதாக வெந்நீர் கொண்டுவந்து, கட்டிலைச் சாய்த்து, அவர் முகத்தில் நுரை தடவி வழிக்கத் தொடங்கினாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். "கீழ் தாடையில மேலிருந்து கீழா வாம்மா" என்று அவர் தொழில்காரராக ஒரு திருத்தம் சொன்னார். கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு அப்படியே செய்தாள்.

முடித்ததும் கண்ணாடியைப் பிடித்தாள். அவர் முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்ல?" என்று கேட்டுவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.